வானொலிக் கிளைடர்களும் அவற்றின் விபத்துகளும்

வானொலிக் கிளைடர் என்பது தரையில் நிற்பவர் வானொலி அலைகளின் மூலம் செலுத்தும், எந்திரம் இல்லாத சிறிய வானூர்தி ஆகும். சறுக்கு வானூர்தி மாதிரி என்றும் இதைக் குறிப்பிடுவர். இதன் இறக்கை நீளம் பெரும்பாலும் 1.5 மீட்டருக்கும் 4 மீட்டருக்கும் இடையில் இருக்கும். எந்திரம் இல்லாததால் கிளைடர் தன்னைச் சுற்றியுள்ள காற்றினூடே எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அந்தக் காற்று, கிளைடர் இறங்கும் வேகத்தைவிட விரைவாக மேலே எழுந்தால் கிளைடரும் உயரும். பருந்து சிறகடிக்காமல் வட்டமிட்டு ஏறுவதும் இப்படித்தான். காற்று மேலே எழும் இடத்தைக் கண்டுபிடித்து, விமானத்தை அதற்குள்ளேயே நிறுத்தி வைப்பதுதான் இந்தக் கலை.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றை எழுதுவோர் சாதனைகளையும் போட்டி வெற்றிகளையும் வரிசைப்படுத்துவது வழக்கம். உடைந்த இறக்கைகளின் வழியாகப் பார்த்தால் அது இன்னும் நன்றாக விளங்கும் என்பது என் கருத்து. கிளைடர் களங்களில் இன்று கடைப்பிடிக்கப்படும் பழக்கங்களில் பெரும்பாலானவை யாரோ ஒருவருடைய விமானம் நொறுங்கிய பிறகு வந்தவை. அதிலும் ஒரு விசித்திரம் உண்டு. பல பத்தாண்டுகள் வரை, ஒருவர் செய்த தவறுக்கு உடைந்தது பக்கத்தில் நின்றவருடைய விமானமாக இருந்தது.

வானொலி வருமுன்

1804-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஜார்ஜ் கேலி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள கிளைடர் மாதிரி ஒன்றைச் செய்தார். ஒரு கம்பின் மேல் பட்டத்தை இறக்கையாகப் பொருத்தி, பின்னால் சாய்வை மாற்றக்கூடிய வால் ஒன்றையும் வைத்தார். முன்னே இறக்கை, பின்னே வால் என்ற இன்றைய விமானத்தின் அமைப்பு முதன்முதலில் தெளிவாகத் தென்படுவது இந்த மாதிரியில்தான். செங்குத்தான சரிவில் அது மிதந்து இறங்குவதைப் பார்க்க அழகாக இருந்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். ஆகவே மனிதன் ஏறிப் பறந்த கிளைடர்களுக்கும் முன்னோடி மாதிரிக் கிளைடரே.

முதல் உலகப்போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியில் எந்திர விமானங்களைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. எந்திரம் இல்லாமல் பறப்பதை யாரும் தடுக்கவில்லை. 1920-இல் ஆஸ்கர் உர்சினுஸ் என்ற பத்திரிகை ஆசிரியரின் முயற்சியால் ரோன் மலைத்தொடரில் உள்ள வாசர்குப்பெ மலையில் கிளைடர் போட்டி தொடங்கியது. 950 மீட்டர் உயரமுள்ள, உச்சியில் மரமில்லாத மொட்டை மலை அது. தொடக்க ஆண்டுகளில் பறந்தவர்கள் சரிவில் மோதி மேலெழும் காற்றையே நம்பினார்கள். 1926-இல் மாக்ஸ் கேகல் என்பவருடைய கிளைடர் இடிமேகம் ஒன்றுக்குள் உறிஞ்சப்பட்டது. அவர் விரும்பிப் போகவில்லை, மேகம் இழுத்துக்கொண்டது. உயிரோடு வெளியே வந்து இறங்கியபோது புறப்பட்ட இடத்திலிருந்து 55 கிலோமீட்டர் தள்ளி இருந்தார். மேகத்தின் கீழ் ஏறும் காற்றுக்கு எவ்வளவு வலிமை என்பதை அந்த விபத்து எல்லோருக்கும் காட்டிவிட்டது. வாசர்குப்பெயில் இன்றுள்ள ஜெர்மன் கிளைடர் அருங்காட்சியகம் மாதிரி விமானங்களுக்கும் இடம் கொடுத்துத் தன் பெயரிலேயே அதைச் சேர்த்துக்கொண்டுள்ளது.

அக்காலத்து மாதிரிக் கிளைடர்களைக் கையிலிருந்து விட்டால் விட்டதுதான். அவை தம் போக்கில் பறக்கும். நன்றாகச் செய்யப்பட்ட மாதிரிக்குத்தான் ஆபத்து அதிகம். வெப்பத்தால் எழும் காற்றுத்தூணில் அது அகப்பட்டுக்கொண்டால் வட்டமிட்டபடியே மேலேறிப் புள்ளியாகி மறைந்துவிடும். பல வாரம் உட்கார்ந்து பால்சா மரத்தில் செதுக்கியது, வெற்றியாகப் பறந்ததாலேயே தொலைந்துபோகும். இதற்குக் கண்டுபிடித்த மாற்று எளிமையானது. மெதுவாகக் கனலும் பருத்தித் திரி ஒன்றை வாலருகே கட்டிப் பற்றவைப்பார்கள். சில நிமிடங்களில் கங்கு ஒரு ரப்பர் வளையத்தை எரித்து அறுக்கும், வால் நிமிரும், கிளைடர் பறக்கும் தன்மையை இழந்து, தட்டையாகத் தத்தளித்துக் கீழே இறங்கும். கங்கு காய்ந்த புல்லில் விழுந்து தீப்பிடிக்கக்கூடும் என்பதால் திரியின் அடியில் அதை அணைக்கும் உலோகக் குழாய் ஒன்றையும் சேர்த்தார்கள். மலைச்சரிவில் பறக்கவிடுவோர் வேறொரு வழி கண்டார்கள். காந்தத்தைச் சுக்கானுடன் இணைத்து, திசைகாட்டி போலக் கிளைடர் எப்போதும் காற்றை எதிர்நோக்கியே நிற்கும்படி செய்தார்கள். வானொலி எங்கும் பரவிவிட்ட இன்றும் காந்தக் கிளைடர்களுக்கெனத் தனிப் போட்டிப் பிரிவு இருக்கிறது.

முதல் அலைகள்

ஓர் ஊர்தியை வானொலியால் இயக்கலாம் என்று நிக்கோலா தெஸ்லா 1898-இல் நியூயார்க்கில் ஒரு சிறு படகைக் கொண்டு காட்டினார். அது வானத்துக்கு ஏற ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. தாமதத்துக்குக் காரணம் எடை. வெற்றிடக் குழாய்களும் அவற்றுக்கு வேண்டிய மின்கலங்களும் மாதிரி விமானத்துக்குத் தாங்காத சுமை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் 1937-இல் தாங்கள் செய்த எந்திர மாதிரி விமானத்தை வானொலியால் செலுத்தினார்கள். கஃப் என்று பெயரிட்ட அந்த விமானம் இன்று வாஷிங்டனில் உள்ள தேசிய வானூர்தி, விண்வெளி அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது.

அதே ஆண்டில் எந்திரமில்லாத பெரிய கிளைடர் மாதிரிகளை வானொலியால் பறக்கவிட்டவர் ராஸ் ஹல். ஆஸ்திரேலியாவில் பிறந்து அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில், பயில்முறை வானொலியாளர் கழகத்தின் இதழில் பணியாற்றியவர். வானொலி அலைகள் ஏன் சில நாட்களில் மட்டும் அடிவானம் தாண்டிச் செல்கின்றன என்று ஆராய்ந்து, வளிமண்டலத்தின் கீழ் அடுக்குகளே அவற்றை வளைக்கின்றன என்று கண்டறிந்தவர்களுள் அவர் முக்கியமானவர். காற்றைப் படித்த ஒருவர் காற்றிலேயே மிதக்கும் விமானத்தைத் தேர்ந்தெடுத்தது பொருத்தமே. கிளைடரில் எந்திரத்தின் அதிர்வு இல்லை, எண்ணெய்க் கசிவு இல்லை; நுட்பமான வானொலிக் கருவிக்கு அது அமைதியான இருப்பிடம். 1938 செப்டம்பரில் தொலைக்காட்சிக் கருவி ஒன்றில் சோதனை செய்துகொண்டிருந்தபோது உயர் மின்னழுத்தம் தாக்கி ஹல் இறந்தார். கிளைடர் வரலாற்று நூல்களில் அவர் பெயர் போதுமான அளவு இடம்பெறுவதில்லை என்றே தோன்றுகிறது.

அடுத்து உலகப்போர் வந்தது. பயில்முறை வானொலியாளர்கள் அலைபரப்பக் கூடாது என்று அரசுகள் தடை விதித்தன. விளையாட்டு விமானங்களின் வானொலி ஏறக்குறைய 1945 வரை மௌனமாக இருந்தது.

ஒற்றைப் பொத்தான்

போருக்குப் பின் வந்த முதல் கருவிகளில் கட்டளை ஒன்றே ஒன்று: பொத்தானை அழுத்துவது. தரையில் ஊன்றி வைத்த அலைபரப்பிப் பெட்டியிலிருந்து ஒரு கம்பி வரும். அதன் நுனியில் பொத்தான். விமானத்துக்குள் முறுக்கி வைத்த ரப்பர் வளையம் ஒன்று சுக்கானைத் திருப்பக் காத்திருக்கும். அலை வந்தால் ஒரு பல் நழுவும். சுக்கான் இடப்பக்கம் போகும். விட்டால் நடுவுக்கு வரும். மறுபடி அழுத்தினால் வலப்பக்கம். அடுத்த அழுத்தம் மீண்டும் இடப்பக்கம். வரிசை மாறாது. கடைசியாகத் திருப்பியது எந்தப் பக்கம் என்பதைச் செலுத்துபவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். பதற்றத்தில் மறந்தால் வலப்பக்கம் என்று நினைத்து அழுத்துவது இடப்பக்கமாகும். மரம் நெருங்கும்போது வரிசையை எண்ணிக்கொண்டிருக்க யாரால் முடியும்? ரப்பரின் முறுக்கு தீர்ந்துவிட்டால் சுக்கான் திரும்பிய நிலையிலேயே நின்றுவிடும். கிளைடர் சுழன்று சுழன்று இறங்கித் தரையில் குத்தும். பறக்கவிடும் முன் முறுக்குகளை எண்ணிப் பார்க்கும் வழக்கம் அப்படித்தான் வந்தது.

பின்னர் நாக்குகள் கொண்ட ஏற்பிகள் வந்தன. ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வெவ்வேறு நீளமுள்ள மெல்லிய எஃகு நாக்குகள் ஒரு சீப்புப் போல வரிசையாக இருக்கும். அலைபரப்பி அனுப்பும் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நாக்கு மட்டும் அதிரும். ஒரு நாக்கு இடப்பக்கம், இன்னொன்று வலப்பக்கம், மற்றொன்று மேலே, வேறொன்று கீழே. நினைவில் வைக்கவேண்டிய வரிசை ஒழிந்தது. ஆனால் சுக்கான் முழுதாகத் திரும்பும் அல்லது திரும்பாது. பாதி என்ற பேச்சில்லை. விரல் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவே சுக்கானும் நகரும் விகிதமுறைக் கருவிகள் 1960-களில் பரவின. டிரான்சிஸ்டர் எடையைக் குறைத்தது. நிக்கல்-காட்மியம் மின்கலம் மீண்டும் மீண்டும் மின்னேற்றம் பெற்றது. ஜெர்மனியின் கிராப்னர் நிறுவனம் விற்ற அமிகோ போன்ற எளிய கிளைடர் பெட்டிகளை வாங்கித் தந்தையும் மகனும் சேர்ந்து ஒட்டிப் பறக்கவிட்ட காலம் இது.

ஒரே அலை, இரண்டு விமானம்

இந்த வரலாற்றில் மிக அதிகமான விமானங்களை உடைத்தது காற்று என்று நினைக்கத் தோன்றும். பலருடைய அனுபவம் வேறு: பக்கத்து நண்பரின் அலைபரப்பி.

விளையாட்டு விமானங்களுக்கென 27 மெகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையில் சில இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுக்கு நிறங்களே பெயர்: பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். ஒவ்வொருவரும் தம் அலைபரப்பியின் ஆண்டெனாவில் தம் நிறத்து நாடாவைக் கட்டிக்கொள்ள வேண்டும். களத்துக்கு வருபவர் முதலில் பார்க்க வேண்டியது நாடாக்களை. அங்கே மஞ்சள் ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தால் இன்னொரு மஞ்சள்காரர் தம் பெட்டியின் விசையைத் தொடக்கூடாது. தொட்டால் வானத்தில் உள்ள கிளைடருக்கு இரண்டு எசமானர்கள். அது யாருக்கும் பணியாது, உதறிக்கொண்டு விழும். விசையைப் போட்டவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. தம் விமானத்தின் சுக்கான் அசைகிறதா என்று தலைகுனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். அலறல் கேட்டு நிமிரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

இதிலிருந்து பிறந்ததுதான் கவ்விப் பலகை. களத்தின் ஓரத்தில் ஒரு மரப்பலகை. அதில் ஒவ்வோர் அலைக்கும் ஓர் எண். பிரிட்டனில் பல களங்களில் துணி உலர்த்தும் மரக்கவ்விகளையே எண் எழுதிப் பயன்படுத்தினார்கள். கவ்வி கையில் இல்லாமல் விசையைப் போடக்கூடாது என்பது சட்டம். ஒரே அலைக்காரர் இருவர் வந்தால் ஒருவர் பறக்கவிடுவார். மற்றவர் புல்லில் உட்கார்ந்து காத்திருப்பார். நல்ல காற்று அடிக்கும் நாளில் காத்திருப்பது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் காத்திருந்தார்கள்.

கவ்விப் பலகையிலும் ஒரு கண்ணி இருந்தது. சில சங்கங்களில் பலகையில் உள்ள கவ்வியை எடுத்துத் தம் ஆண்டெனாவில் மாட்டிக்கொள்ள வேண்டும். வேறு சிலவற்றில் தம்முடைய கவ்வியைக் கொண்டுவந்து பலகையில் குத்த வேண்டும். முதல் முறையில் வெறுமையான இடம் 'இந்த அலை பயன்பாட்டில் உள்ளது' என்று சொல்லும். இரண்டாம் முறையில் அதே வெறுமை 'இந்த அலை காலி' என்று சொல்லும். விருந்தினராக வந்தவர் தம் ஊர் வழக்கப்படி பலகையைப் படித்தால் என்ன ஆகும் என்று ஊகித்துக்கொள்ளலாம். பெரிய போட்டிகளில் இதை நம்பவே இல்லை. எல்லா அலைபரப்பிகளையும் ஒரு கூடாரத்தில் வாங்கி வைத்து, முறை வரும்போது மட்டும் கொடுத்தார்கள்.

வெளியாரின் தொல்லையும் சேர்ந்தது. 1970-களில் அமெரிக்காவில் லாரி ஓட்டுநர்கள் முதல் இல்லத்தரசிகள் வரை பொதுமக்கள் வானொலியில் பேசும் மோகம் கிளம்பியது. அதற்கான அலைகளும் 27 மெகாஹெர்ட்ஸ் பட்டையில்தான் இருந்தன. மாதிரி விமானங்களின் நீல நிற அலையும், பேச்சு வானொலியின் 23-ஆம் எண் அலையும் அச்சுப் பிசகாமல் ஒரே அதிர்வெண். நெடுஞ்சாலையில் போகும் ஓட்டுநர் ஒருவர் சாப்பாட்டுக் கடை எங்கே என்று கேட்டால் குன்றின் மேல் ஒரு கிளைடர் தலைகுப்புற விழலாம். பிரிட்டனில் அப்பேச்சு வானொலி 1981 நவம்பர் 2 வரை சட்டத்துக்குப் புறம்பானது. ஆனாலும் கருவிகளைக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்து பலர் பேசினார்கள். உரிமம் பெற்று ஒழுங்காகப் பறக்கவிட்டவர்களின் விமானங்கள், உரிமமே இல்லாதவர்களின் அரட்டையால் உடைந்தன. அவர்களின் கோபம் நியாயமானது. கடைசியில் அங்கே விமான மாதிரிகளுக்கெனத் தனியாக 35 மெகாஹெர்ட்ஸ் பட்டை கிடைத்தது. அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் பின்னர் 11 முதல் 60 வரை எண்ணிட்ட 50 இடங்கள் அமைந்தன. நிற நாடாக்கள் போய் எண் அட்டைகள் வந்தன. கவ்விப் பலகை மட்டும் போகவில்லை.

ஏவுதல்

சமவெளியில் கிளைடரை உயரத்துக்குக் கொண்டுசெல்ல ஏதாவது இழுக்க வேண்டும். எளிய முறை ரப்பர்: ஏறத்தாழ 30 மீட்டர் ரப்பர்க் குழாயைத் தரையில் அறைந்த முளையில் கட்டி, அதன் நுனியில் 120 மீட்டர் நைலான் கயிறு சேர்த்து, பின்னோக்கி நடந்து இழுத்துவிடுவார்கள். நம் ஊர்க் கவட்டைவில்லின் பெரிய வடிவம் என்று கொள்ளலாம். கயிற்றின் வளையம் கிளைடரின் வயிற்றில் உள்ள கொக்கியில் மாட்டியிருக்கும்; உச்சியில் தானாகக் கழன்றுவிடும்.

அந்தக் கொக்கியின் இடம் ஒரு விரற்கடை முன்னே பின்னே போவதில்தான் எல்லாம் இருக்கிறது. முன்னால் இருந்தால் கிளைடர் போதிய உயரம் போகாது. பின்னால் இருந்தால் செங்குத்தாக ஏறப் பார்த்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கயிறு கழலாமலே அரைவட்டமடித்துத் தரையில் மோதும். பாதுகாப்பாக முன்னால் வைத்துத் தொடங்கி, சிறிது சிறிதாகப் பின்னால் நகர்த்துவதே மூத்தவர்கள் சொல்லும் வழி.

போட்டிக்காரர்கள் மின்னோடிச் சுருட்டியைப் பயன்படுத்தினார்கள். காரைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் கார் மின்கலமும்தான் அதன் உறுப்புகள். 200 மீட்டர் தொலைவில் உள்ள கப்பியைச் சுற்றிவரும் கயிற்றை அது சுருட்டும். காலடி மிதியால் அதை இயக்குவார்கள். உச்சியை நெருங்கும்போது கிளைடரைச் சற்றுக் கீழ்நோக்கிப் பாயவைத்து, கயிற்றில் தேங்கிய இழுவிசையை வேகமாக மாற்றி, மேல்நோக்கிச் சீறவிடுவது ஒரு நுட்பம். இறக்கை தாங்கினால் பல மீட்டர் கூடுதல் உயரம். தாங்காவிட்டால் துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். இரண்டு இறக்கைகளும் கைகூப்பியது போல் மேலே மடியும். பால்சா இறக்கைக்குள் கார்பன் இழைத் தண்டும், பிறகு அச்சில் வார்த்த கண்ணாடியிழை, கார்பன் இறக்கைகளும் வந்ததற்கு இந்தச் சத்தம் ஒரு பெரிய காரணம். ஒரே கிளைடர் நேரம், தூரம், வேகம் என மூன்று சோதனைகளிலும் பறக்கவேண்டிய எஃப்3பி என்ற உலகப் போட்டிப் பிரிவு இந்த வளர்ச்சியை முடுக்கியது.

சரிவும் சுழலும்

சரிவில் பறக்கவிடுவோருக்குக் கயிறே தேவையில்லை. காற்று எதிரே வரும் மலைமுகட்டில் நின்று கையால் எறிந்தால் போதும். அமெரிக்காவில் சான் டியேகோ அருகே பசிபிக் கடலை நோக்கிய டோரி பைன்ஸ் செங்குத்துப் பாறை இதற்குப் புகழ்பெற்றது. 1930-இல் சார்லஸ் லிண்ட்பெர்க் அந்தக் கடற்கரைப் பாறைகளை ஒட்டிக் கிளைடரில் பறந்தார். இன்று அதே மேலெழும் காற்றை மனிதர் தொங்கிப் பறக்கும் கிளைடர்களும், பாராகிளைடர்களும், வானொலிக் கிளைடர்களும் பங்கிட்டுக்கொள்கின்றன.

சரிவில் பறப்பது எளிது, இறங்குவதே கடினம். முகட்டைத் தாண்டிய காற்று பின்பக்கத்தில் அருவி நீர் போல மடிந்து சுழலும். இறங்க வேண்டிய புல்வெளி பெரும்பாலும் அந்தச் சுழலுக்குள்தான் இருக்கும். அழகாகத் தாழ்ந்து வரும் கிளைடர், தரைக்கு ஓர் ஆள் உயரத்தில், யாரோ தட்டிவிட்டதுபோல் பொத்தென்று விழும். எறியும்போதும் இறக்கும்போதும் உரக்கக் குரல் கொடுக்க வேண்டும் என்பது எல்லாச் சரிவுகளிலும் உள்ள எழுதாத விதி. வானத்தையே பார்த்து நிற்கும் நண்பர்களின் முதுகுக்குப் பின்னால் இரண்டு கிலோ எடை வேகமாக வருகிறது என்பதை வேறு எப்படித் தெரிவிப்பது? 1990-களில் நசுங்கினாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும் நுரைப்பொருளில் கிளைடர்கள் வந்தபின், வேண்டுமென்றே மோதிக்கொள்ளும் சண்டை விளையாட்டும் தோன்றியது. அதுவரை நட்பைக் கெடுத்த மோதல், அதன்பின் புள்ளிகளைப் பெற்றுத்தந்தது.

கண்ணும் விரலும்

சில விபத்துகளுக்குக் கருவி காரணமே இல்லை. கிளைடர் செலுத்துபவரை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். கண்ணாடி முன் நிற்பது போன்ற குழப்பம். புதியவர்களுக்கு ஒரு தந்திரம் சொல்லித் தருவார்கள்: எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு, தாழும் இறக்கைக்கு முட்டுக்கொடுப்பது போல. கணிதம் தேவையில்லை, கை பழகிவிடும்.

பழுதுபார்த்தபின் இறக்கை மடிப்புகளின் இணைப்புக் கம்பிகளை மாற்றிச் செருகிவிடுவது இன்னொரு பழைய கதை. வலப்பக்கம் தள்ளினால் விமானம் இடப்பக்கம் சாயும்; திருத்த இன்னும் தள்ளினால் இன்னும் சாயும். எறிந்த மூன்றாம் நொடியில் எல்லாம் முடிந்துவிடும். குச்சியை வலப்பக்கம் தள்ளி, வல இறக்கையின் மடிப்பு மேலே எழுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். அசைகிறதா என்று மட்டும் பார்த்துத் திருப்தி அடைபவர்கள்தான் அதிகம்.

உயரத்தில் இரண்டு வெள்ளைக் கிளைடர்கள் ஒரே வெப்பத்தூணில் வட்டமிடும்போது, கண் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. குச்சியை அசைத்துப் பார்க்கிறார், தற்செயலாக அதுவும் அந்தப் பக்கமே திரும்புகிறது, நம்பிவிடுகிறார். அவருடைய சொந்தக் கிளைடர் இதற்குள் யாரும் பார்க்காத இடத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். இறக்கையின் அடிப்பக்கத்தில் அடர்ந்த நிறப் பட்டைகள் போடுவது அழகுக்காக அன்று.

காணாமல்போன கிளைடரைத் தேடவும் ஒரு முறை வளர்ந்தது. அது மறைந்த திசையில் அடிவானத்தில் ஒரு மரத்தையோ கோபுரத்தையோ குறித்துக்கொண்டு, ஒருவர் அசையாமல் நின்று கைகாட்ட, மற்றவர்கள் நேர்கோட்டில் நடப்பார்கள். மக்காச்சோள வயலுக்குள் போனவர் பத்தடியில் திசை தப்பிவிடுவார் என்பதால் இந்த ஏற்பாடு. அருகில் வந்ததும் அலைபரப்பியின் குச்சியை ஆட்டி, சுக்கான் மோட்டார் முனகும் ஒலி எங்கிருந்தாவது வருகிறதா என்று காது கொடுப்பார்கள். பிறகு, அலை நின்றால் தானாகக் கத்தும் சிறு ஒலிப்பான்களும் வந்தன. விமானத்துக்குள் உரிமையாளரின் முகவரிச் சீட்டு ஒட்டுவது மிகப் பழைய வழக்கம். அறுவடைக் காலத்தில் உழவர்கள் கண்டெடுத்துத் திருப்பிக் கொடுக்கும் கிளைடர்கள் பெரும்பாலும் ஈரத்தில் உப்பிப்போய் இருக்கும்.

இவ்வளவுக்கும் நடுவில் நெடுநேரம் பறப்பதற்கும் ஓர் அளவுகோல் இருந்தது. 1969-இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைதிப் பறப்பு லீக் ஐந்து படிகளை வகுத்தது. ஐந்தாம் படிக்கு, வெப்பத்தூண்களை மட்டும் நம்பி 2 மணி நேரமும், சரிவில் 8 மணி நேரமும் பறக்க வேண்டும். 10 கிலோமீட்டர் தொலைவுக்குச் சென்று திரும்பும் பறப்பும் உண்டு. எட்டு மணி நேரம் மலைமுகட்டில் தலையை நிமிர்த்தி நிற்பவருக்குத் தண்ணீர் கொடுக்கவும், நேரம் குறித்துச் சாட்சி சொல்லவும் யாராவது கூடவே நிற்க வேண்டும். தனி ஆளாக அந்தப் படியை எட்ட முடியாது.

கவ்விப் பலகை போன பிறகு

2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்தன. ஒவ்வொரு ஏற்பியும் தன் அலைபரப்பியின் தனி அடையாளத்தை மட்டுமே ஏற்கும். ஒரே களத்தில் பலர் ஒரே சமயத்தில் விசையைப் போடலாம். நாடா வேண்டாம், கவ்வி வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். அரை நூற்றாண்டாக நண்பர்களுக்குள் மனக்கசப்பை உண்டாக்கிய விபத்து ஏறக்குறைய ஒரே வீச்சில் ஒழிந்தது.

பதிலுக்குப் புதியவை வந்தன. உறுதிக்காகச் சேர்த்த கார்பன் இழை இந்த அலைகளை மறைக்கும். கார்பன் உடலுக்குள் ஆண்டெனாவை ஒளித்து வைத்தவர்களின் கிளைடர்கள் தொலைவில் திரும்பும்போது தொடர்பை இழந்தன. இப்போது ஆண்டெனாவின் நுனி வெளியே தெரியும்படி விடுகிறார்கள், அல்லது மூக்குப் பகுதியைக் கார்பன் இல்லாமல் செய்கிறார்கள். ஒரே அலைபரப்பியில் இருபது முப்பது விமானங்களின் அளவுகளைப் பதிந்து வைக்க முடிவதால், வேறொரு விமானத்தின் பதிவைத் திறந்து வைத்து எறிவதும் நடக்கிறது. பலகையருகே கூடி நிற்க வேண்டிய கட்டாயம் போனதால், எறியும் முன் இன்னொரு கண் பார்ப்பதும் குறைந்திருக்கிறது. எனக்கு அது நட்டமாகவே படுகிறது. பழைய பலகையே திரும்பி வரவேண்டும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

போட்டிகளும் மாறின. எஃப்3கே பிரிவில் 1.5 மீட்டருக்கு மிகாத இறக்கையுள்ள கிளைடரை, நுனியைப் பிடித்து வட்டெறிவது போல் சுழன்று எறிகிறார்கள். எஃப்5ஜே பிரிவில் சிறு மின்னோடி அதிகபட்சம் 30 நொடி இயங்கலாம். ஏறிய உயரத்தை ஒரு கருவி பதிவுசெய்யும். ஒவ்வொரு மீட்டருக்கும் புள்ளி குறையும். தாழ்வாக மோட்டாரை நிறுத்திவிட்டு, ஏறுகாற்று கிடைக்காமல் இரண்டு நிமிடத்தில் தரைக்கு வந்து நிற்பவர்களை அங்கே நிறையப் பார்க்கலாம்.

சரிவுகளில் எல்லோரும் அஞ்சிய அந்தப் பின்பக்கச் சுழலையே தேடிப் போகும் கூட்டமும் ஒன்று உருவானது. சிறகடிக்காமல் கடலைக் கடக்கும் அல்பட்ராஸ் பறவை, வேகமான காற்றுக்கும் மெதுவான காற்றுக்கும் இடையே மாறி மாறிப் பாய்ந்து ஆற்றல் பெறுகிறது என்று ராலே பிரபு 1883-இல் விளக்கியிருந்தார். முகட்டின் மேல் வீசும் புயல்காற்றும் அதன் பின்னால் தேங்கிய காற்றும் அதே ஏற்பாடுதான் என்பதை 1990-களில் கலிபோர்னியாவில் வானொலிக் கிளைடர்காரர்கள் கண்டுகொண்டார்கள். வட்டத்துக்கு வட்டம் வேகம் கூடும். 2021 ஜனவரியில் அங்குள்ள பார்க்கர் மலையில் ஸ்பென்சர் லிசன்பி செலுத்திய கிளைடர் மணிக்கு 548 மைல், அதாவது 882 கிலோமீட்டர் வேகம் கண்டது. எந்திரமே இல்லாமல்! செலுத்துபவர் கண்ணை எடுக்க முடியாது. ராடார் கருவியைப் பிடித்து வேகத்தைச் சொல்ல இன்னொருவர் பக்கத்தில் இருக்கிறார். அந்த வேகத்தில் தரையைத் தொட்டால் ஒட்டவைக்க எதுவும் மிஞ்சாது. பள்ளத்தில் சிதறிய கார்பன் துண்டுகளைப் பொறுக்கிவர இருப்பவர்கள் எல்லோருமாக இறங்கிப் போகிறார்கள்.